அம்மச்சியின் கல்லறையில் என்ன எழுதுவது?

கேரளத்தின் தெற்கு எல்லையில் பாறசாலைப் பக்கம் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்.

"அண்ணாச்சி, போன மாசம் எங்கள் அம்மச்சி தவறிவிட்டார்கள். அடக்கத்தன்று ஒரே முற்றத்தில் நாலு விதமாகக் கேட்டேன். அக்கம்பக்கத்தார், 'கிழவி மோட்சம் சேர்ந்துவிட்டாள்' என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில் போதகர், 'கர்த்தருடைய வருகையில் எழுந்திருப்பார்' என்று வாசித்தார். வேறு சபையில் இருக்கும் மாமா, 'வருகை நெருங்கிவிட்டது, நாமெல்லாரும் எடுத்துக்கொள்ளப்படுவோம், இந்தப் பூமி தீக்கு இரை' என்றார். தூத்தூர் பக்கத்துக் கத்தோலிக்க நண்பன், 'இறையாட்சி என்றால் செத்தபிறகு நடப்பது இல்லடே, இங்கே நீதி நடப்பது' என்றான். நாலும் ஒன்றா? வேறு வேறா? நாம் உண்மையில் எதற்குத்தான் காத்திருக்கிறோம்? கல்லறைக் கல்லில் 'பரலோகம் சென்றார்' என்று வெட்டவேண்டும் என்று மாமா நிற்கிறார். எழுதலாமா?"

தம்பி, நான் போதகர் இல்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தினவன். போதகர் வர முடியாத ஞாயிறுகளில் சின்னச் சபைகளில் பிரசங்கத்துக்குக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். அதனால் நான் வார்த்தையில் இருந்துதான் தொடங்குவேன்.

அம்மச்சி தன் ஆயுசில் எத்தனை ஆயிரம் தடவை கர்த்தருடைய ஜெபம் சொல்லியிருப்பார்கள்! அதில் என்ன கேட்டார்கள்? "உம்முடைய ராஜ்யம் வருவதாக, உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக." வருவதாக. "நாங்கள் உம்முடைய ராஜ்யத்துக்குப் போவோமாக" என்று அந்த ஜெபத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. திசை அங்கேயிருந்து இங்கே. பாறசாலையில் மலையாள ஆராதனைக்குப் போனாலும் "நின்றெ ராஜ்யம் வரேணமே" என்றுதான் சொல்வார்கள். கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பில் "உமது ஆட்சி வருக". மூன்றிலும் வினைச்சொல் ஒன்றுதான். நாலு பேர் சொன்னதையும் இந்த ஒரு வினைச்சொல்லை வைத்து உரசிப் பார்க்கலாம்.

அடுத்தது "ராஜ்யம்". இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனசில் ஒரு நிலப்பரப்பு வருகிறது. எல்லைக்கல், கோட்டை, கொடி. ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'பசிலேயா'வுக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் எபிரேயச் சொல் 'மல்கூத்'துக்கும் முதல் பொருள் ஆளுகை, அரசனாக இருந்து நடத்துவது. இடம் இரண்டாவதுதான். சுவிசேஷம் எழுதினவர்களில் மத்தேயு மட்டும் பெரும்பாலும் "பரலோக ராஜ்யம்" என்று எழுதுவதால் பலர் அதை வானத்தில் இருக்கும் ஒரு தேசம் என்று எடுத்துக்கொண்டார்கள். தேவனுடைய பெயரைச் சும்மா உச்சரிக்கக் கூசும் யூத வழக்கம் அது. பெயருக்குப் பதில் "பரலோகம்" என்பார்கள். மாற்குவும் லூக்காவும் அதே வசனங்களில் "தேவனுடைய ராஜ்யம்" என்றே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஆளுகைக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் எல்லைக்காரருக்குப் புரிகிற மாதிரி வேறு யாருக்கும் புரியாது. எங்கள் அப்பா சொல்வார்: "1956 நவம்பர் 1-ஆம் தேதி காலையில் களியக்காவிளைக்காரன் எழுந்து பல் தேய்த்தபோது கிணறு அதே கிணறு, தென்னை அதே தென்னை, ராஜ்யம் மட்டும் வேறே." விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நாலு தாலுகாக்களும் அன்றைக்குச் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஒருத்தரும் மூட்டை கட்டவில்லை. நிலம் இருந்த இடத்தில் இருக்க, மேலே இருந்த அதிகாரம் மாறியது. "தேவனுடைய ராஜ்யம் வருவதாக" என்பதை இப்படி நினைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தப் பூமியை விட்டுவிட்டு இன்னொரு இடத்துக்கு ஓடுவது அங்கே பேச்சே இல்லை. இதே பூமி யாருடைய சொல்லுக்குக் கீழ்ப்படிந்து நடக்கப்போகிறது என்பதுதான் பேச்சு.

இந்த ஊர்க் காதுகளுக்கு அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி யோசனை வரும். 1750-ல், அன்றைக்கு இந்தப் பகுதியை ஆண்ட மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூரை ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். திருப்படித்தானம் என்பார்கள். அதற்குப் பிறகு ராஜா என்பவர் பத்மநாபதாசர். சுவாமியின் சார்பில் ஆள்கிறவர். ஆக, எழுத்தின்படியே இது தெய்வத்தின் ராஜ்யம். அந்த ராஜ்யத்தில்தான் சில சாதிக்காரர் தலைக்கு வரி கட்டினார்கள், சில வழிகளில் நடக்க முடியவில்லை, பெண்கள் மாரை மறைக்க அனுமதி கேட்டு நின்றார்கள், புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள். 1806-ல் ரிங்கல்தௌபே என்ற மிஷனெரி மயிலாடிக்கு வந்து, மகாராசன் வேதமாணிக்கம் சேர்த்துவைத்த கூட்டத்தின் நடுவே, "தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்று வாசித்தபோது, கேட்டவர்கள் அதை வெறும் ஆத்தும விஷயமாக மட்டும் கேட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை. இன்னொரு ராஜா இருக்கிறார், அவர் முன்னால் நாம் தள்ளி நிற்கவேண்டியதில்லை என்று கேட்டிருப்பார்கள். 1855-ல் அடிமை ஒழிப்பு விளம்பரமும் (அரசாணையை அன்றைக்கு அப்படித்தான் சொல்வார்கள்), 1859 ஜூலை 26-ல் பெண்கள் மாரை மறைக்க அனுமதிக்கும் தோள்சீலை விளம்பரமும் வந்தன. பின்னதிலும் "மேல்சாதிப் பெண்களைப் போல உடுக்கக்கூடாது" என்று ஒரு வால் ஒட்டியிருந்தது.

அதே சமயம் கிறிஸ்தவர்களே பூசி மெழுகுகிற ஒரு சங்கதியும் உண்டு. 1818 வாக்கில் நாகர்கோவிலில் மீட் ஐயர் மிஷனெரியாகவும் இருந்தார், கொஞ்ச காலம் சர்க்கார் நீதிபதியாகவும் இருந்தார். கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்டு மன்றோவின் ஏற்பாடு. அந்தக் காலத்தில் சபையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் கிறிஸ்துவின் ராஜ்யத்துக்குள் வந்தார்கள், எத்தனை பேர் கும்பினியின் நிழலுக்குள் வந்தார்கள் என்று பிரிக்க முடியாது. தேவனுடைய ராஜ்யத்தை ஏதாவது ஒரு சர்க்காரோடு சேர்த்துக் கட்டுகிற ஆசை பத்மநாபதாசருக்கு மட்டும் இருந்தது இல்லை. நம் சபைகளுக்குள் சாதி எப்படித் தனிப் பாய் போட்டு உட்கார்ந்தது என்பதும் உனக்குத் தெரியும். அதற்குத் தனியாக எழுதவேண்டும்.

சரி, அந்த ராஜ்யம் வந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா? இயேசு இரண்டையும் சொல்கிறார், அதுதான் சிக்கல். "காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்கிறார். "நான் தேவனுடைய விரலினாலே பிசாசுகளைத் துரத்துகிறபடியால், தேவனுடைய ராஜ்யம் உங்களிடத்தில் வந்திருக்கிறதே" என்கிறார். பரிசேயர் கேட்டபோது, "உங்களுக்குள் இருக்கிறதே" என்கிறார். அங்கே கிரேக்கச் சொல்லுக்கு "உங்கள் நடுவே" என்றும் பொருள் உண்டு. கேட்டவர்கள் அவரை எதிர்த்துக்கொண்டிருந்த பரிசேயர் என்பதால் அதுதான் பொருந்துகிறது என்று நான் நினைக்கிறேன். அப்புறம் அதே இயேசு, "வருவதாக" என்று ஜெபிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். வந்துவிட்ட ஒன்றை யாராவது வரச்சொல்லிக் கேட்பார்களா?

இதை வைத்துப் போன நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. இயேசு உலகமுடிவை உடனே எதிர்பார்த்தார், அது வரவில்லை என்று 1906-ல் ஆல்பர்ட் சுவைட்சர் என்ற வேத அறிஞர் எழுதினார். அதற்கு நேர் எதிராக, எல்லாம் இயேசுவிலேயே வந்து நிறைவேறிவிட்டது என்று சி. எச். டாட் வாதாடினார். இரண்டுக்கும் நடுவில் ஆஸ்கார் குல்மன் ஒரு உவமை சொன்னார். இரண்டாம் உலகப் போரில் 1944 ஜூன் 6 நார்மண்டி இறக்கத்தோடு போர் தீர்மானமாகிவிட்டது, ஆனால் வெற்றிநாள் 1945 மே 8-ல்தான் வந்தது. நாம் அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் இருக்கிறோம் என்றார். எனக்கு நார்மண்டி எங்கே தெரியும்? நான் நம்மூர்க் கணக்கில் பார்க்கிறேன். 1954 ஆகஸ்ட் 11-ல், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போராடினவர்கள் மேல் புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் துப்பாக்கிச் சூடு. மாநிலச் சீரமைப்புச் சட்டத்துக்கு 1956 ஆகஸ்ட் 31-ல் ஜனாதிபதி கையெழுத்து ஆயிற்று. நவம்பர் 1-ல்தான் நடைமுறை. அந்த இரண்டு மாசமும், போராட்டத்தை நடத்திய நேசமணியின் ஆட்கள் எப்படி நடந்திருப்பார்கள்? போலீஸ் அதே போலீஸ், தாலுகாக் கச்சேரி அதே கச்சேரி. ஆனால் முடிவு ஆகிவிட்டது என்று தெரிந்தவனின் நடை வேறு. உயிர்த்தெழுதல் அந்தக் கையெழுத்து. நாம் செப்டம்பர், அக்டோபரில் இருக்கிறோம். (எந்த மாநிலம் நல்லது என்று இங்கே சண்டைக்கு வராதீர்கள். நானே கேரளத்துப் பக்கம் நின்றுபோன தமிழன்.)

நம் பக்கத்து வண்டிகளிலும் வீட்டு வாசல்களிலும் "மாரநாதா" என்று எழுதியிருக்கும், பார்த்திருப்பாய். அது அரமேயம். பவுல் கொரிந்தியருக்குக் கிரேக்கத்தில் எழுதும்போதும் இந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டார். அதை "மாரானா தா" என்று பிரித்தால் "எங்கள் ஆண்டவரே, வாரும்". "மாரான் ஆதா" என்று பிரித்தால் "எங்கள் ஆண்டவர் வந்துவிட்டார்". ஆதிச் சபைக்காரர் எந்தப் பிரிப்பில் சொன்னார்கள் என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள். புணர்ச்சி விதி நடத்தினவனுக்கு இரண்டும் ஒரே மூச்சில் கேட்கிறது, அதில் ஒரு சந்தோஷம்.

எப்படி வளர்கிறது என்பதற்கு இயேசு சொன்ன உவமைகளில் எனக்குப் பிடித்தது புளித்த மா. ஒரு ஸ்திரீ எடுத்து, முழுவதும் புளிக்கும்வரைக்கும் மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள். "படி" என்றதும் நமக்குச் சின்ன அளவாகப் படுகிறது. மூலத்தில் உள்ள அளவில் மூன்று என்றால் ஏறக்குறைய நாற்பது லிட்டர், ஒரு கல்யாண வீட்டுச் சமையல். அம்மச்சி ஆப்பத்துக்கு மாவு ஆட்டி, கொஞ்சம் கள்ளு விட்டு, சருவத்தை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள் இல்லையா? ராத்திரி முழுக்க யாரும் எதுவும் செய்வதில்லை. விடியற்காலம் மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். சத்தமில்லாமல், ஆனால் முழுவதும். முழுவதும் என்ற சொல்லை விட்டுவிடாதே. ஒரு மூலை மாவு புளிக்காமல் மிஞ்சப்போவதில்லை.

இனி முற்றத்தில் கேட்ட நாலு பேச்சுக்கும் வருகிறேன்.

அக்கம்பக்கத்தாரின் "மோட்சம் சேர்ந்தாள்". இதில் பிழை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் பாதிதான். மோட்சம் என்பது பிறவிக் கட்டிலிருந்து விடுபடுவதைக் குறிக்கும் பழைய இந்தியச் சொல். பழைய மிஷனெரிகள் அதைக் கடன் வாங்கினார்கள். சொல்லோடு சேர்ந்து ஒரு வாசனையும் வந்துவிட்டது: உடம்பு கூடு, உலகம் சிறை, தப்பித்துப் போவதே விடுதலை. வேதாகமம் அப்படிப் பேசுவதில்லை. சிலுவையில் இயேசு பக்கத்திலிருந்த கள்ளனிடம், "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். பவுல் தேகத்தை விட்டுப்போய்க் கிறிஸ்துவோடு இருப்பது அதிக நன்மை என்றார். ஆகவே அம்மச்சி இன்றைக்குக் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்று நம்ப இடம் இருக்கிறது. ஆனால் அது கதையின் முடிவு இல்லை, வழிச்சத்திரம். நாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "ஆத்துமா பறந்துபோதல்" என்று ஒரு வரி இருக்கிறதா? "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்றுதான் இருக்கிறது. பவுல் கிறிஸ்துவை "முதற்பலன்" என்கிறார். நம் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு முதல் குலை, முதல் சக்கை (பலா), முதல் மரச்சீனி (மரவள்ளி) மூடு என்று கொண்டுவந்து ஏலம் விடுவார்களே, அது. முதல் குலை பீடத்தில் இருக்கிறது என்றால் தோட்டத்தில் மீதி விளைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் போதகர் வாசித்தது சரி. நம் பழைய கல்லறைகளில் தலையை மேற்கே வைத்துக் காலைக் கிழக்கே நீட்டி அடக்கம் செய்வது உலகம் முழுக்க இருந்த கிறிஸ்தவ வழக்கம்தான். எழுந்து உட்கார்ந்தால் முகம் கிழக்கே, சூரியன் வரும் திசையில், வருகிறவரைப் பார்த்து இருக்கும். ரப்பர் வெட்டும் கையும், கிழங்கு பிடுங்கின முதுகும், பிள்ளைகளைத் தூக்கின இடுப்பும் தேவனுக்கு வேண்டாத சுமை என்று அந்த வழக்கம் நினைக்கவில்லை.

மாமாவுக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும். அவர் நிற்பது 1 தெசலோனிக்கேயர் 4:17-ல். "உயிரோடிருக்கும் நாமும் கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக, மேகங்கள்மேல் அவர்களோடேகூட ஆகாயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு" என்று இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னார்? ஆனால் தமிழில் "எதிர்கொண்டுபோக" என்று எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் பார். மூலத்தில் 'அப்பாந்தேசிஸ்'. அரசனோ அதிகாரியோ ஒரு பட்டணத்துக்கு வரும்போது ஊர்ப் பெரியவர்கள் எல்லைக்கு வெளியே போய் வரவேற்று, கூடவே ஊருக்குள் அழைத்துவருவதற்கு அன்றைக்கு வழங்கிய சொல். மணவாளனுக்கு எதிர்கொண்டுபோன பத்துக் கன்னிகைகள் கதையிலும் இதுவே. அப்போஸ்தலர் 28-ல், பவுல் ரோமாவுக்கு வருகிறார் என்று கேள்விப்பட்ட சகோதரர்கள் அப்பியுபுரம் வரைக்கும், மூன்று சத்திரம் வரைக்கும் எதிர்கொண்டுவந்தார்கள் என்ற இடத்திலும் இதுவே. அந்தச் சகோதரர்கள் பவுலோடு சேர்ந்து எங்கேயாவது தூரதேசம் போனார்களா? ரோமாவுக்குத்தான் திரும்பிவந்தார்கள்.

நீ ஒவ்வொரு வருஷமும் இதைக் கண்ணால் பார்க்கிறாய், தம்பி. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். களியக்காவிளையில் கேரளத்து அதிகாரிகள் எல்லைக்கு வந்து நிற்பார்கள், போலீஸ் அணிவகுத்து மரியாதை செலுத்தும், ஜனங்கள் தட்டோடு நிற்பார்கள். வரவேற்றவர்கள் அங்கேயே நிற்பதும் இல்லை, வந்த வழியே தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடுவதும் இல்லை. கூடவே நெய்யாற்றின்கரை வழியாக நடக்கிறார்கள். நம்முடைய விசுவாசம் வேறு, அது நிற்கட்டும். எதிர்கொள்ளுதல் என்ற செயலின் அமைப்பைப் பார். வருகிறவர் வந்துகொண்டேதான் இருக்கிறார். எதிரே போனவர்கள்தான் திரும்புகிறார்கள். பவுலின் வசனத்தில் கர்த்தர் பாதி வழி வந்து, நம்மைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனார் என்று எழுதியில்லை. வெளிப்படுத்தல் 21-ஆம் அதிகாரமும் அதையே சொல்கிறது: புதிய எருசலேம் "பரலோகத்தை விட்டு இறங்கிவர" யோவான் காண்கிறார். "இதோ, மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது." கடைசிப் புத்தகத்தின் கடைசிப் படத்தில்கூட வழி கீழ்நோக்கித்தான்.

சபை ரகசியமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, பூமி ஏழு வருஷ உபத்திரவத்துக்கு விடப்படும் என்ற அமைப்பு 1830-களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் காலத்தில் உருவாகி, 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தால் பரவியது. இருநூறு வருஷம்கூட ஆகவில்லை. மாமா மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் ஆட்கள் மறந்துபோன "கர்த்தர் வருகிறார்" என்ற சொல்லை அந்தச் சபைகள்தான் உயிரோடு வைத்திருந்தன. "பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்" என்று 2 பேதுரு 3:10-ஐ அவர் காட்டுவார். மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் "எரிந்து அழிந்துபோம்" என்ற இடத்தில் "கண்டுகொள்ளப்படும்" என்ற பொருளுள்ள சொல் இருக்கிறது. புடத்தில் போட்ட பொன் போல என்று வைத்துக்கொள். மூன்று வசனம் தள்ளிப் பேதுருவே "நீதி வாசமாயிருக்கும் புதிய வானங்களும் புதிய பூமியும்" என்று முடிக்கிறார்.

தேதி குறிப்பதுதான் எனக்குப் பயம். 1870-களில் திருவிதாங்கூரில் பெரிய எழுப்புதல் (பக்தி அலை) ஒன்று நடந்தது. அதில் முன்னால் நின்றவர் யூஸ்துஸ் யோசேப்பு, வித்வான்குட்டி என்பார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், கருநாகப்பள்ளி கன்னேற்றியில் இருந்தவர், நல்ல பாட்டுக்காரர். 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அவர் கணித்தார். ஜனம் நம்பியது. வருஷம் வந்தது, போயிற்று. சிலர் பழைய சபைக்குத் திரும்பினார்கள், மிச்சம் பேர் யுயோமயம் என்ற தனிச் சபையாக நின்றார்கள். அவ்வளவு படித்த, அவ்வளவு பக்தியான மனுஷருக்கே சறுக்கிய இடம் அது. "அந்த நாளையும் அந்த நாழிகையையும்" குமாரனும் அறியார் என்று இயேசுவே சொன்னபிறகு நாம் பஞ்சாங்கம் பார்ப்பது எதற்கு?

எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் இருந்தார். 1998 வாக்கில் பழைய ரப்பரை முறித்து விற்றுவிட்டு மறுநடவு செய்யவில்லை. கன்று பால் வெட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும், அதற்குள் வருகை வந்துவிடும், உலகம் இரண்டாயிரமாம் வருஷத்தைத் தாண்டாது என்றார். நிலம் காடாகிக் கிடந்தது. 2005-ல் பக்கத்து விளையில் முதல் வெட்டு விழுந்தபோது, வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கர்த்தர் அவரிடம் வந்தால் என்ன கேட்டிருப்பார்? உவமையில், எஜமான் கொடுத்த தாலந்தை (பணத்தை) பெருக்காமல் புதைத்தவனிடம் கேட்டதைத்தான் என்று எனக்குத் தோன்றும். ஆனால் நான் அவரிடம் சொல்லவில்லை, பாவம்.

கிறிஸ்துவின் ஆயிர வருஷ அரசாட்சி அவருடைய வருகைக்கு முன்னாலா பின்னாலா என்பதை இங்கே தொடப்போவதில்லை. வெளிப்படுத்தல் 20-ல் ஆறு வசனம். அதற்கு இரண்டாயிரம் வருஷச் சண்டை. ஆதிச் சபையின் பெரிய ஆசிரியர் அகஸ்தீனே முதலில் ஒருவிதம் நினைத்து அப்புறம் மாற்றிக்கொண்டார்.

உன் நண்பனிடம் வருகிறேன். "இறையாட்சி" என்ற சொல்லே ராஜ்யத்தைவிட மூலத்துக்குக் கிட்டே இருக்கிறது, அதில் அவனுக்கு முழு மதிப்பெண். நீதி இல்லாத ஒரு தேவ ஆளுகை கிடையாது. தரித்திரருக்குச் சுவிசேஷம், சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை என்றுதான் இயேசு நாசரேத்தில் தொடங்கினார். ஆனால் "செத்தபிறகு ஒன்றும் இல்லை, எல்லாம் இங்கேதான்" என்று அவன் சொன்னால், அவனுடைய ஊரே அவனுக்குப் பதில். 2017 நவம்பர் 30-ல் ஒகி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. பலருக்கு அடக்கம் செய்ய உடம்புகூடக் கிடைக்கவில்லை. இனிமேல் எவ்வளவு நல்ல ஆட்சி வந்து, எவ்வளவு நல்ல எச்சரிக்கைக் கருவி வைத்தாலும், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நீதி? செத்தவனை எழுப்பாத நீதி, உயிரோடிருப்பவனுக்கு மட்டும் நீதி. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதே இடத்தில் கவனமாகத்தான் நிற்கிறது: பூமியின் முன்னேற்றத்தையும் கிறிஸ்துவின் ஆட்சியின் வளர்ச்சியையும் ஒன்றாக்கிவிடாதே, ஆனால் முன்னது பின்னதற்கு அற்பமான காரியமும் இல்லை என்று. நண்பனிடம் கேட்டுப் பார், அவனுடைய பங்குத்தந்தைக்குத் தெரியும்.

வெளிப்படுத்தல் 21-ன் முதல் வசனத்தில் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று ஒரு வரி வரும். கடற்கரைச் சபை ஒன்றில் அதைப் பிரசங்கித்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர், "கடல் இல்லாத ராஜ்யத்தில் எனக்கு என்ன வேலை வாத்தியாரே?" என்று கேட்டார். பழைய எபிரேயருக்குக் கடல் என்றால் குழப்பம், மிருகம் எழும்பும் இடம். பத்மு தீவில் நாடுகடத்தப்பட்ட யோவானுக்கு அது சிறைச் சுவர் என்றேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்போ திருப்பித் தராத கடல்தான் இல்லை. மீன் தருகிற கடல் இருக்கும்" என்றார். எந்த விளக்க நூலிலும் அதைவிட நல்ல குறிப்பு நான் படித்ததில்லை.

இப்போது கல்லுக்கு வருவோம். மாமா சொல்லும் "பரலோகம் சென்றார்" பொய் இல்லை. அதை வெட்டினால் தேவன் கோபித்துக்கொள்ளமாட்டார், போதகரும் தடுக்கமாட்டார். ஆனால் கேட்டதால் சொல்கிறேன். பெயர், பிறந்த தேதி, நித்திரையடைந்த தேதி. அதற்குக் கீழே "உம்முடைய ராஜ்யம் வருவதாக". மாமாவும் தட்டமாட்டார், அவர் காத்திருப்பதும் அந்த வருகைக்குத்தான். நண்பனும் தட்டமாட்டான். அம்மச்சி தினமும் தன் வாயால் சொன்ன வரி, நாலு பேரும் சேர்ந்து சொல்லக்கூடிய வரி.

ஒரு காரியம் மட்டும் பார்த்துக்கொள். உங்கள் பக்கம் கல் வெட்டுகிறவர்களில் தமிழ் எழுத்து பழகினவர்கள் குறைந்துவிட்டார்கள். நீயே பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதிக்கொடுத்து, வெட்டுவதற்கு முன் சாக்பீஸில் கல்லில் வரையச் சொல்லிப் படித்துப் பார். "ராஜ்யம்" என்பதில் ஜகரத்தின் மேல் புள்ளியை விட்டுவிடுவார்கள். எங்கள் அப்பா கல்லில் அது இல்லை, ஒவ்வொரு வருஷமும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது நான்தான் பெயிண்டால் வைக்கிறேன்.